சில்வர் பேனாவும் சிகரெட் புகையும்

“எந்தக் கடையில வாங்குனம்மா இத?”

கேட்டவர் ஒரு தேர்வாளர். எங்கள் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு புராஜெக்டுகளுக்கு மதிப்பெண் போட வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்தார். கேட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போது சொல்கிறேன், பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் சொல்கிறேன், வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம் கத்தியே சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயிக்கிறேன். (பின்ன, அவர்தான் அங்க இல்லியே.)

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தலைக்கனமும் உண்டு. ஆனால் அது சும்மா வந்ததில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போனவர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. ஷூ கம்பெனியில் சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பது அவமானமாக இருக்கிறது என்று சொன்னபோது, ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் ‘செல்வி’ என்று எழுதக் கற்றுக்கொடுத்தேன். அந்த மூன்றே எழுத்தோடு, ‘படிச்சது போதும்’ என்று சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஆக, எங்கள் குடும்பத்தில் முழுசாகப் படித்த முதல் ஆள் நான். அந்த நினைப்பில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்றால் அதில் தப்பில்லை. நிமிர்ந்து நடந்ததில் காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை என்பதுதான் தப்பு.

என் புராஜெக்ட், மின்னேற்றம் பெற்ற துணியை வைத்து சிகரெட் புகையை வடிகட்டுவது. ஏன் சிகரெட் புகை என்று கேட்டால் அதற்கும் கோபம்தான் காரணம்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு எங்களுடையது. அறைக்கு ஒரே ஜன்னல். அந்த ஜன்னலோரம்தான் நான் படிக்கும் இடம், அதே ஜன்னலோரம்தான் அப்பா சிகரெட் பிடிக்கும் இடம். “ஷாப்பு நாத்தத்துக்கு இதாம்மா மருந்து” என்பார். ஞாயிற்றுக்கிழமையும் மருந்து சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஷாப்பு லீவு.

ஒருநாள் கல்லூரி நூலகத்தில் எடுத்த மின்னியல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நூலகர் அதை விரித்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீயாம்மா?”

“எங்க அப்பா சார்.”

“எல்லாரும் அப்பா மேலதாம்மா போடறீங்க.”

வீடு வந்து சேரும்வரை கொதித்துக்கொண்டே வந்தேன். அந்தப் புகையை ஒருநாள் பிடித்துக் கட்டிப்போடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தாகிவிட்டது. எப்படி என்பதற்கான விடை, நூலகர் முகர்ந்த அதே புத்தகத்தில் இருந்தது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கிடம் கொண்டுபோனால் தாவி வந்து ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதே சங்கதிதான்.

அம்மாவின் கம்பெனியில் தோலைத் தேய்க்கும் இடத்தில் தூசு பறக்கும் என்பதால் ஒருவகை முகமூடி கொடுப்பார்கள். கொரோனா சமயத்தில் எல்லோருக்கும் கொடுத்ததில் ஒரு கட்டு பிரிக்காமல் எங்கள் பீரோவில் கிடந்தது. அதைக் கிழித்தால் நடுவில் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைத் துணி இருக்கும். அதன் இழைகளுக்குள் மின்னேற்றத்தைச் செலுத்தி அங்கேயே தங்க வைத்திருப்பார்கள். சிகரெட் புகையின் துகள்கள் அந்தத் துணியின் இடைவெளிகளைவிடப் பலமடங்கு சின்னவை. வெறும் சல்லடையாக இருந்தால் கவலையில்லாமல் நுழைந்து போய்விடும். ஆனால் மின்னேற்றம் உள்ள இழை, பக்கத்தில் போகிற துகளை இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். காற்று போகும், புகை நிற்கும்.

இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை ஒட்டி, நடுவில் மூன்று அடுக்குத் துணியை, கழற்றி மாட்டும்படி நான்கு திருகாணி போட்டுப் பொருத்தினேன். கடைசியில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன். முதல் டப்பாவுக்குள் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும், ஃபேன் அந்தப் புகையைத் துணி வழியாக இழுக்கும். இரண்டாவது டப்பாவின் குறுக்கே ஒரு சிவப்பு லேசர் பேனாவைக் காட்டி வைத்தேன். சுத்தமான காற்றில் லேசர் ஒளியின் பாதை கண்ணுக்குத் தெரியாது. புகை இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். ஆக மொத்தத்தில் என் சோதனை இவ்வளவுதான்: இரண்டாவது டப்பாவில் சிவப்புக் கோடு தெரியக் கூடாது.

இதற்கு சிகரெட் வேண்டும். அப்பா பாக்கெட்டிலிருந்து எடுக்கலாம்தான். ஆனால் ஆராய்ச்சி என்றால் எல்லாம் ஒரே வகையாக, புதிதாக இருக்க வேண்டும் என்று புராஜெக்டுக்கு வழிகாட்டிய எங்கள் மேடம் சொல்லியிருந்தார். ஆகவே தெருமுனை பாய் கடைக்கு நானே போனேன்.

“பாய், சிகரெட் ஒரு பாக்கெட்.”

“அப்பாவுக்கா பாப்பா?”

இங்கே நான் ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். அறிவுள்ள எவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் இது என் புராஜெக்ட் ஆயிற்றே.

“இல்ல பாய், எனக்கு.”

பாய் என்னைப் பார்த்தார். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் நிலைமையைச் சரிசெய்யும் அவசரத்தில், “காலேஜ்ல கேட்டிருக்காங்க” என்றேன்.

“காலேஜ்லயேவா” என்றார் பாய், மிகவும் வருத்தமாக.

கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒன்றரை நிமிட நடை. நான் வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். கையில் துடைப்பம் இருந்தது. (அது பெருக்குவதற்காக இருந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.) டப்பாவைக் காட்டி, துணியைக் காட்டி, லேசரைக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, அப்பாவுக்கு ஒன்று பளிச்சென்று புரிந்துவிட்டது.

“அப்ப தெனமும் சிகரெட்டு பத்த வைக்க ஒரு ஆள் வேணுமில்ல?”

“வேணாம்பா. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு வச்சிருக்கேன். ஒரு முனையில சொருகி இழுத்தா பத்திக்கும்.”

“சிரிஞ்சுக்கு இன்னாம்மா தெரியும். நான் பத்த வச்சுத் தர்றேன்.”

அப்படித்தான் அப்பா என் ஆராய்ச்சி உதவியாளர் ஆனார். அவரைப்போல ஆர்வமான உதவியாளர் எந்த விஞ்ஞானிக்கும் கிடைத்திருக்க மாட்டார். ‘சரியா பத்தணுமில்ல’ என்று நான்கைந்து இழுப்பு இழுத்து, பாதி சிகரெட்டைத்தான் எனக்குக் கொடுப்பார். அம்மா முறைத்தால், “இன்னாடி பாக்கற, பொண்ணு படிப்புக்காகத்தானே” என்பார்.

எது எப்படியோ, சோதனை பலித்தது. முதல் டப்பா வெள்ளையாகப் புகைந்து நிற்கும். இரண்டாவது டப்பாவில் சிவப்புக் கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, “புகை எங்கம்மா போச்சு?” என்றார். துணியைக் கழற்றிக் காட்டினேன். டீயில் நனைத்த மாதிரி ஆகியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். “துணி முன்னாடியே அழுக்கா இருந்திருக்கும்” என்றார். அன்றைக்கு அப்புறம் அவர் சிகரெட் பிடிக்கவில்லை. மறுநாள் பிடித்தார்.

குறைகளையும் ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். வாடை போகவில்லை, ஏனென்றால் அது வாயு, துகள் இல்லை. சில சிகரெட்டுகளுக்குப் பிறகு தார் படிந்து துணியின் இழுக்கும் சக்தி குறைகிறது, புதுத் துணி மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் நேர்மையாக எழுதியதைப் பார்த்து எங்கள் மேடம் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

“எங்க பாத்தாலும் ரெடிமேடா புராஜெக்ட் விக்கறாங்கம்மா. வர்ற எக்ஸ்டர்னல் எல்லாருக்கும் சந்தேகம்தான். இது நீ செஞ்சதுதான்னு காட்ட ஏதாவது அடையாளம் வச்சுக்கோ.”

துறையிலிருந்து ஒரே ஒரு புராஜெக்ட்தான் சென்னைக் கண்காட்சிக்குப் போகும். அதைத் தேர்வாளர்தான் சொல்லுவார். அங்கே மேஜைமேல் செய்தவர் பெயரை அட்டையில் எழுதி வைப்பார்கள். எனக்கு அந்த அட்டை வேண்டும். அதில் என் பெயர் வேண்டும். அப்பா ஏற்கெனவே ஷாப்பு முழுக்க ‘எம்பொண்ணு மெட்ராஸ் போறா’ என்று சொல்லி முடித்திருந்தார்.

அடையாளம் என்றதும் எனக்கு வீட்டில் கிடந்த சில்வர் பேனா ஞாபகம் வந்தது. ஷூவுக்குத் தோல் தைக்குமுன் தையல் போகிற பாதையை அதில்தான் கோடு போட்டுக்கொள்வார்கள். தேர்வுக்கு முதல்நாள் சாயங்காலம் புதிதாக மூன்று துணிகளை வெட்டினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுற்றிலும் சில்வர் கோடு இழுத்து, மூலையில் 1, 2, 3 என்று எண்ணும் நந்தினி என்ற என் பெயரின் ‘ந’வும் எழுதினேன். இனி யார் கேட்டாலும் திறந்து காட்டிவிடலாம். எந்தக் கடைக்காரன் ‘ந’ போட்டு விற்பான்?

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது என் வடிகட்டியைக் காணோம். மேஜைமேல் ஒரு ஷூ டப்பாதான் இருந்தது. திறந்தேன். உள்ளே வழவழப்பான வெள்ளை டிஷ்யூ பேப்பர். அதைப் பிரித்தால் என் வடிகட்டி, முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. என் விரல் ரேகை, பசை ஒழுகிய தடம், எதுவுமில்லை. ஓரத்தில், ஈரம் இழுப்பதற்காகப் புது ஷூவோடு போடுவார்களே, அந்தக் குட்டிப் பொட்டலம் ஒன்று.

“பையர் வர்ற அன்னிக்கு இப்டித்தான் வைப்போம்” என்றாள் அம்மா. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வருகிறவர்களைத்தான் பையர் என்பார்கள். “எடுத்துக் காட்டும்போதே ஒரு இது இருக்கணும். எங்கிட்ட துடைச்சு போன பீஸு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல, தெரியுமில்ல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா காலில் விழுந்தேன். (தெரியாத்தனமாகத்தான்.)

கல்லூரி இருக்கும் வேலூருக்கு பஸ்ஸில் அந்த டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒருவர், “புது ஷூவாம்மா?” என்றார். சிரித்தேன். அது என்ன சகுனம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எனக்கு முன்னால் ஒருவன் தானியங்கித் தெருவிளக்கைக் காட்டினான். இருட்டினால் எரியும், வெளிச்சம் வந்தால் அணையும். தேர்வாளர் அவனிடம், “அப்பா என்ன பண்றாருப்பா?” என்று கேட்டார். பாங்க் மேனேஜராம். “குட், குட்” என்றார்.

என் முறை வந்தது.

“அப்பா என்ன பண்றாரும்மா?”

“தோல் ஷாப்புல வேலை சார்.”

குட் வரவில்லை. ஷூ டப்பாவைத் திறந்தேன். டிஷ்யூ பேப்பரைப் பிரித்தேன். அது சரசரவென்று ஊருக்கே கேட்கிற மாதிரி பிரிந்தது. வடிகட்டியை வெளியே எடுத்தபோது அந்தக் குட்டிப் பொட்டலம் உருண்டு போய்த் தேர்வாளரின் பேனாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்தார். பொட்டலத்தைப் பார்த்தார், மினுங்கும் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் கேட்டார்.

“எந்தக் கடையில வாங்குனம்மா இத?”

“வாங்கல சார். நானே செஞ்சது.”

“சார், இந்தப் பொண்ணு நெஜமாவே தானா செஞ்சது சார்” என்றார் எங்கள் மேடம்.

“எல்லா காலேஜ்லயும் எல்லா மேடமும் அதைத்தான் சொல்றாங்க. சரி, ஓட்டிக் காட்டு.”

காட்டினேன். சிரிஞ்சில் சொருகிய சிகரெட்டைப் பற்றவைத்தேன். முதல் டப்பாவுக்குள் வைத்தேன். ஃபேனைப் போட்டேன். லேசரைப் போட்டேன். “சார், இப்ப பாருங்க. ரெண்டாவது டப்பாவுல கோடு தெரியாது” என்று அறிவித்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லது, எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது டப்பாவில் சிவப்புக் கோடு தெரிந்தது. முதலில் நூல் மாதிரி. பிறகு கயிறு மாதிரி. பிறகு, அடுத்த அறையிலிருந்துகூடத் தெரிந்திருக்கும் என்கிற அளவுக்கு.

“கோடு தெரியுதேம்மா” என்றார் தேர்வாளர்.

“தெரியாது சார்” என்றேன்.

“தெரியுதும்மா.”

“தெரியக் கூடாது சார்.”

அவர் நன்றாகப் பார்க்கக் குனிந்தார். அவர் குனிந்த இடத்தில்தான் ஃபேன் இருந்தது. வடிகட்டப்படாத சிகரெட் புகை முழுவதும், என் நான்கு மாத உழைப்பின் பலனாக, சீராக அவர் மூக்குக்குள் போனது. இருமினார். மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினார். மேடம் தண்ணீர் எடுக்க ஓடினார். நான் புகையை நிறுத்துவதற்காக மூடியைத் திறந்து, சிரிஞ்சோடு எடுத்தால் புகை மேலும் கொட்டுமே என்று சிகரெட்டை மட்டும் இரண்டு விரலால் வெளியே எடுத்தேன். எங்கே அணைப்பது என்று தெரியாமல் திரும்பினேன்.

வாசலில் பிரின்ஸ்பால் நின்றிருந்தார். பாத்ரூமில் யாராவது சிகரெட் பிடித்தால் அந்த மாடியே அதிரக் கத்துகிற ஆள் அவர். வாடையைப் பிடித்துக்கொண்டு நேராக வந்திருக்கிறார்.

“யாரு இங்க சிகரெட் புடிக்கறது?”

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, வலது கை இரண்டு விரலுக்கு நடுவில் புகைந்துகொண்டிருக்கும் சிகரெட்டோடு, “நான்தான் சார்” என்றாள்.

மேடம் வந்து விளக்கியபிறகு பிரின்ஸ்பால் போய்விட்டார். போகும்போது மூன்று முறை திரும்பிப் பார்த்தார். தேர்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமலுக்கு நடுவில், அப்பனைப்போல அன்பாகச் சொன்னார்:

“கடையில இருந்து எடுக்கும்போதே ஒரு தடவ போட்டுப் பாத்து எடுத்திருக்கணும்மா.”

அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் வெட்கமெல்லாம் போய்விட்டது. சோதனை தோற்றுப்போகலாம், அது இயற்பியல். கடை என்று சொன்னது வேறு.

“சார், இது நான் செஞ்சதுதான். உள்ள இருக்கற மூணு துணியிலயும் என் கையால சில்வர் பேனாவுல கோடு போட்டு, நம்பர் போட்டு, என் இனிஷியல் எழுதியிருக்கேன். பிரிச்சுக் காட்டறேன், பாருங்க.”

நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். முதல் துணியை எடுத்து அவர் முகத்துக்கு நேராக விரித்தேன். வெளேரென்று இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. கோடு இல்லை. எண் இல்லை. ‘ந’ இல்லை. இரண்டாவதை விரித்தேன். மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நேற்றுதான் சலவைக்கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

“எங்கம்மா உன் கோடு?” என்றார் தேர்வாளர். “அங்க தெரியக் கூடாதுன்ன, தெரிஞ்சுது. இங்க தெரியும்ன, தெரியல.”

வகுப்பே சிரித்தது. எங்கள் மேடம்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கண் எரிந்தது. அது புகை. இன்றைக்கும் சொல்கிறேன், அது புகைதான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சீருடைகூட மாற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாச்சு?”

“ரிஜெக்ட்.”

அந்த வார்த்தைக்கு என்ன கனம் என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் குத்துவதற்காகத்தான் அதைச் சொன்னேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“எவன் ரிஜெக்ட் பண்ணான்? நான் எவ்ளோ நீட்டா துடைச்சுக் குடுத்தேன். ஒரு கோடு உட்டேனா?”

நான் செருப்பைக் கழற்றுவதை நிறுத்தினேன்.

“இன்னா கோடு?”

“உள்ள துணியில சில்வர் கோடு அப்டியே கெடந்துச்சு. நீ மறந்துட்டன்னு நான்தான் கழட்டி, வீட்ல இருந்த கம்பெனி கிளீனர் போட்டு துடைச்சு, ஃபேன்ல காய வச்சு, திரும்பி மாட்டுனேன்.”

அம்மாவின் வேலை என்ன என்று நான் இதுவரை சரியாகச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, நினைத்தாலே ஆத்திரம் வரும். தைத்து முடித்த ஷூ கடைசியாக அவளிடம் வரும். தோலின்மேல் மிச்சமிருக்கும் சில்வர் கோட்டை, ஸ்பிரிட் கலந்த கிளீனரை ஒரு துணியில் தொட்டு, தடமில்லாமல் துடைப்பதுதான் அவள் வேலை. ஒரு கோடு கண்ணில் பட்டாலும் அந்த ஜோடி ரிஜெக்ட். பல வருடமாக, ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கில்லாமல், சில்வர் கோடுகளை அழித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் கண்ணெதிரில் நான் சில்வர் பேனாவால் என் பெயரை எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன்.

“அதுல ‘ந’ன்னு எழுதியிருந்தேனே, பாக்கலியா?”

“கோடு மாதிரிதான் இருந்துச்சு” என்றாள் அம்மா. “‘செ’ன்னு இருந்திருந்தா எழுத்துன்னு தெரிஞ்சிருக்கும்.”

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? ஆனாலும் சொன்னேன். நிறையவே சொன்னேன். யார் துடைக்கச் சொன்னது, யார் டிஷ்யூ பேப்பர் கேட்டது, யார் அந்தப் பொட்டலத்தைப் போடச் சொன்னது என்று. அம்மாவும் விடவில்லை. “தெரியக் கூடாத எடத்துல கோடு போட்டு வச்சா துடைக்காம இன்னா பண்ணுவாங்க?” என்றாள். “கோடு போனா போவட்டும். அதுக்கும் புகை வந்ததுக்கும் இன்னாடி சம்பந்தம்? துணி அதேதானே.”

நான் ஷூ டப்பாவிலிருந்து துணியை எடுத்துப் பார்த்தேன். துணி அதேதானே.

அந்த நேரத்தில்தான் அப்பா ஷாப்பிலிருந்து வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மிகவும் பொறுப்போடு சொன்னார்: “எதுக்குச் சண்ட? ஒரு டெஸ்ட் போட்டுப் பாத்துடலாம்.” கை அதற்குள் சட்டைப்பைக்குப் போயிருந்தது.

போட்டுப் பார்த்தோம். பிரிக்காத முகமூடியிலிருந்து எடுத்த புதுத் துணி மூன்றடுக்கு: கோடு ஏறக்குறைய தெரியவில்லை. அதே மாதிரி புதுத் துணியை அம்மாவிடம் கொடுத்து, கம்பெனியில் துடைப்பது மாதிரியே கிளீனர் போட்டுத் துடைக்கச் சொல்லி, காயவைத்து மாட்டினோம்: சிவப்புக் கோடு கயிறு மாதிரி நின்றது. தண்ணீரில் துடைத்துக் காயவைத்த துணியில் கோடு மங்கலாகத்தான் இருந்தது. துணியில் கிழிசலில்லை, அழுக்கில்லை, கண்ணுக்குப் பார்க்க மூன்றும் ஒன்றுதான். ஸ்பிரிட் இழைகளுக்குள் போய் மின்னேற்றத்தைத் தீர்த்துக்கட்டியிருக்கிறது. அது போனபிறகு என் வடிகட்டி வெறும் சல்லடை.

எனக்குக் கோபமும் குதூகலமும் சேர்ந்து வந்தன. திரும்பத் திரும்ப ஓட்டினேன். அப்பாவே, “போதும்மா, நெஞ்சு அடைக்குது” என்று சொன்ன ஒரே நாள் அது. அம்மா மூன்று துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“அப்ப தப்பு எம்மேல இல்ல. கிளீனர் மேல.”

மறுநாள் ரெக்கார்டு நோட்டும் மூன்று துணிகளுமாக மேடத்திடம் ஓடினேன். மேடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “பிரமாதம்மா. ஆனா மார்க் நேத்தே போயாச்சு” என்றார். பாஸ் போட்டிருந்தார்கள். சென்னைக்குத் தானியங்கித் தெருவிளக்கு போனது. அதை வண்டியில் ஏற்றும்போது நான் ஒரு கை பிடித்தேன். அடிப்பலகையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடைப் பெயர், போன் நம்பர், ‘அனைத்து வகை புராஜெக்டுகளும் செய்து தரப்படும்’. அதை எந்தக் கடையில் வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டிக்கரோடு வந்தது நம்பப்பட்டது, துடைத்துக்கொண்டு வந்தது சந்தேகப்பட்டது. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் வீட்டில் இது சாகாத கதையாகிவிட்டது. சொந்தத்தில் யாராவது இன்டர்வியூவுக்குக் கிளம்பினால் அப்பா, “சர்டிஃபிகேட்ட செல்வி கண்ணுல காட்டாத, துடைச்சுடுவா” என்பார். போன மாதம் சித்தி மகளைப் பெண் பார்க்க வந்தபோது, பெண்ணுக்கு வைத்த மை கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. அம்மா ஒரு துணியோடு எழுந்தாள். வீடே சேர்ந்து அவளைப் பிடித்து உட்கார வைத்தது. பாய் கடையில் நான் இப்போதும் சிகரெட் கேட்டால், “ஆராய்ச்சிக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். குரலில் அந்த வருத்தம் மட்டும் போகவில்லை.

இப்போது எம்.எஸ்சி. இரண்டாம் வருடம். அதே கண்காட்சிக்கு இந்த வருடம் தனியாகவும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். தலைப்பை மாற்றிவிட்டேன்: துப்புரவுத் திரவம் பட்டால் மின்னேற்ற வடிகட்டிக்கு என்ன ஆகிறது என்பது. புதுத் துணி, தண்ணீரில் துடைத்தது, கிளீனரில் துடைத்தது என்று மூன்று மாதிரிகளை இணைக்க வேண்டும். மூன்றின் மூலையிலும் சில்வர் பேனாவால் ‘ந’ எழுதினேன். பிறகு பேனாவை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கத்திலேயே ‘செ’ என்று எழுதினாள். கூட உழைத்தவர்கள் பெயர் கேட்டிருந்தார்கள், அதற்காக. இன்னொரு காரணமும் உண்டு. தன் எழுத்தைத் தானே துடைக்க மாட்டாள் இல்லையா.

விண்ணப்பத்தில் ‘மாதிரி தயாரிக்கப்பட்ட இடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்றரை வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த பதிலுக்கு ஒருவழியாக இடம் கிடைத்தது. ‘எங்கள் வீட்டு ஜன்னலோரம், ஆம்பூர்’ என்று கொட்டையாக எழுதினேன். திங்கட்கிழமை காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். ஷூ டப்பாவில் வைத்துத்தான் அனுப்பினேன், டிஷ்யூ பேப்பரோடு. அந்தக் குட்டிப் பொட்டலத்தையும் நானே எடுத்து உள்ளே வைத்தேன்.